வாரந்தோறும் ஒரு தீர்க்கதரிசி: பாளையங்கோட்டையில் ஒரு வாசிப்பு மரபு

யூதர்களின் ஜெப ஆலயங்களில் ஓய்வுநாளாகிய சனிக்கிழமைக் காலையில், மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராச் சுருளிலிருந்து அந்த வாரத்துக்குரிய பகுதி வாசிக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து மற்றொரு பகுதி வாசிக்கப்படுகிறது. தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டில் முழுமையாக வாசித்து முடிக்கப்படுவதால், ஒவ்வொரு பகுதிக்கும் இணையான தீர்க்கதரிசனப் பகுதி ஒன்றும் மரபால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டாம் வாசிப்புக்கு ஹஃப்தாரா என்று பெயர். முடித்துவைத்தல் என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள். பாளையங்கோட்டைக்கு மிக அண்மையில் இவ்வழக்கம் தொடர்ந்து நடைபெற்ற இடம், மலைத்தொடருக்கு அப்பால் 1568இல் கட்டப்பட்ட கொச்சி பரதேசி ஜெப ஆலயமும் அதைச் சூழ்ந்த யூதச் சமூகங்களின் பிற ஆலயங்களுமே. தாமிரபரணிக் கரைக்கு ஹஃப்தாரா நேராக வரவில்லை. ஆனால் அதன் கிளைமரபொன்று கிறிஸ்தவத் திருச்சபையின் பாட வரிசை வழியாக வந்து சேர்ந்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் ஒலித்து வருகிறது.

இவ்வழக்கத்தின் தோற்றத்தைப் பற்றி இடைக்கால யூத அறிஞர்கள் ஒரு காரணம் கூறினர்: கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அந்தியோகு எப்பிபானஸ் என்னும் கிரேக்க மன்னன் தோராவை வாசிக்கத் தடை விதித்தபோது, அந்தந்த வாரப் பகுதியை நினைவூட்டும் தீர்க்கதரிசன வாசகங்களை மக்கள் வாசித்தனர் என்பதும், தடை நீங்கிய பின்னும் வாசிப்பு நிலைத்துவிட்டது என்பதும் அவர்கள் கருத்து. இன்றைய ஆய்வாளர் பலர் இதை ஐயுறுகின்றனர். எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையவை புதிய ஏற்பாட்டிலேயே உள்ளன. லூக்கா நான்காம் அதிகாரத்தில் இயேசு நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாங்கி வாசித்து, அது கேட்போரின் காலத்துக்கே உரியது என விளக்குகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் பதின்மூன்றாம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் வாசித்து முடிந்தபின் பவுலுக்குப் பேச இடமளிக்கப்படுகிறது. பழைய எழுத்தை நிகழ்காலத்தின் முன் நிறுத்திப் பேசுவது என்னும் செயல், அவ்விரு நிகழ்ச்சிகளிலும் வாசிப்போடு பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது.

எபிரேயம் புரியாத மக்களுக்காக அரமேய மொழியில் பெயர்த்துச் சொல்லும் ஒருவர் வாசிப்பவர் அருகில் நிற்பதும் உண்டு. யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா இதற்கு நுட்பமான விதியொன்றை வகுத்தது: தோராவை வாசிப்பவர் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும், தீர்க்கதரிசிகளிலோ மூன்று வசனங்கள் வரை சேர்த்துத் தரலாம். சட்டத்தின் பெயர்ப்பில் பிசகினால் மக்களின் நடைமுறையே பிசகும் என்பதால் அங்கே இறுக்கமும், தீர்க்கதரிசனத்தில் சற்றே இளக்கமும் காட்டப்பட்டன என்று விளக்குவர்.

இரு வாசிப்புகளும் எவ்வாறு இணைகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். யோசேப்பைச் சகோதரர்கள் வெள்ளிக்காசுக்கு விற்ற கதை வரும் வாரத்தில் ஆமோஸ் இரண்டாம் அதிகாரத்திலிருந்து ஹஃப்தாரா வாசிக்கப்படுகிறது. நீதிமானை வெள்ளிக்கும் எளியவனை ஒரு ஜோடிப் பாதரட்சைக்கும் விற்றவர்களை அங்கே தீர்க்கதரிசி கண்டிக்கிறார். குலமுதல்வர்களின் குடும்பத்தில் நடந்த பழைய தவறு, சமாரியாவின் செல்வர்கள் செய்யும் நிகழ்காலத் தவறாக அந்தக் கணத்தில் மாறிவிடுகிறது. விரிவுரை எதுவும் இல்லாமல், இரண்டு பகுதிகளை அடுத்தடுத்து வைப்பதனாலேயே இது நிகழ்கிறது. நிலத்தோடு சேர்த்து உழைப்பாளிகளை ஒற்றி வைக்கவும் விற்கவும் வழக்கமிருந்த நெல்வயல் நாட்டில், 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்த காலத்தில், ஆமோஸின் அந்த அதிகாரத்தைக் கேட்டவர்களுக்கு அதன் பொருள் தொலைவில் இருந்திருக்க முடியாது.

பாளையங்கோட்டையில் இந்த வாசிப்புக்கு அடித்தளம் இட்டவர், 1778இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண். கோட்டைப் பகுதியில் அவர் முயற்சியால் எழுந்த கோவில் 1785ஆம் ஆண்டினது. ஆனால் அக்காலத்துச் சிறு சபைக்குத் தீர்க்கதரிசிகளின் நூல்கள் தமிழில் கிடைத்ததே ஒரு நீண்ட உழைப்பின் விளைவு. தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு ரூத்தின் நூல்வரை வந்து 1719இல் மறைந்தார். ஏசாயாவும் எரேமியாவும் ஆமோசும் அவர் கையில் தமிழாகவில்லை. சுல்ட்சே எஞ்சியதை முடித்து 1728இல் அச்சேற்றினார். பின்னர் பப்ரீசியுஸ் அதனைப் புதிதாகச் செய்தார். இன்று பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும், போவர் தலைமையிலான குழுவின் திருப்புதல் 1871இல் வெளிவந்தது. இடையன்குடியில் வாழ்ந்த மிஷனரி கால்டுவெல் அக்குழுவின் உறுப்பினர்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த ஒரு சொல்லும் இவ்வாசிப்பின் போக்கைத் தீர்மானித்தது. எபிரேயத்தில் நாபி எனப்படுபவர் முதன்மையாக அழைக்கப்பட்டு அனுப்பப்பட்டவர், இறைவனின் சொல்லை மக்கள் முன் எடுத்துரைப்பவர். தீர்க்கதரிசி என்னும் வடசொல்லாக்கமோ நெடுந்தொலைவைக் காண்பவர் என்று பொருள்படுவதால், வருங்காலத்தை முன்னறிவிப்பவர் என்ற எண்ணத்தையே முதலில் எழுப்புகிறது. கத்தோலிக்கர் பிற்காலத்தில் இறைவாக்கினர் என்னும் சொல்லுக்கு மாறியது இந்தக் குறையை உணர்ந்ததால் என்று கொள்ளலாம். சொல்லின் சாய்வு சிறிதாயினும், ஆமோஸ் தம் காலத்துச் சந்தையில் நிறைகோலைக் கள்ளமாகச் சரித்தவர்களைப் பெயர் சுட்டாமல் குறித்துப் பேசியவர் என்பதைவிட, பிற்கால நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பு விட்டுச் சென்றவர் என்பதையே கேட்போர் மனம் தேடும்படி அது பழக்கிவிட்டது.

பாடங்களின் ஒழுங்கு ஆங்கிலத் திருச்சபையிலிருந்து வந்தது. அதன் பேராயர் கிரான்மர் 1549இல் வகுத்த ஜெபப் புஸ்தகம், நாள்தோறும் பழைய ஏற்பாட்டிலிருந்து முதலாம் பாடமும் புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டாம் பாடமும் வாசிக்க வகைசெய்து, ஏசாயாவின் நூலை அட்வெந்து எனப்படும் கிறிஸ்து வருகைக் காலத்துக்கென ஒதுக்கி வைத்தது. படைக் குருவாகிய ஹாவ் 1816இல் பாளையங்கோட்டைக்கு வந்து, சி.எம்.எஸ். என்னும் ஆங்கில மிஷனரி சங்கத்தை அழைத்ததன் பயனாக 1820இல் ரேனியுஸ் வந்தார். ஊசிக் கோபுரம் என மக்கள் அழைக்கும் தூய திரித்துவ ஆலயம் 1826இல் அவர் காலத்தில் எழுந்தது. பிரஷ்ய நாட்டவராகிய ரேனியுஸுக்கு ஆங்கிலச் சபையின் குருப்பட்ட முறையிலும் ஒழுங்குகளிலும் உடன்பாடில்லாததால் 1835இல் சங்கம் அவரை விலக்கியது; மூன்றாண்டுகளில் அவர் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். அவருக்குப் பின் ஆங்கில ஒழுங்கே வேரூன்றியது. ஒருவகையில் இது இழப்புதான். ஆயினும் பிரசங்கி தமக்குப் பிடித்த பகுதியை எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, அட்டவணை கொடுக்கும் பகுதியை அவரும் சபையும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டிய கட்டாயம் அந்த ஒழுங்கினால்தான் உண்டாயிற்று.

சிற்றூர்களில் பாடம் வாசித்தவர் பெரும்பாலும் உபதேசியார். எழுத்தறியாத சபைக்கு அவர் வாசிப்பே நூல். வாசித்ததைப் பேச்சுத் தமிழில் விளக்கியபோது, பழைய ஜெப ஆலயத்தில் அரமேயத்தில் பெயர்த்துச் சொன்னவரின் இடத்தில் அவரே நின்றார். கேட்டவர்களில் பலர் தேரி நிலத்தில் பனையேறிப் பிழைத்தவர்கள். ஆமோஸும் குருமரபில் வந்தவரல்லர்; தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரங்களில் உழைத்தவர். மரமேறியின் வாயிலிருந்து அரசனையும் ஆசாரியனையும் கண்டிக்கும் சொல் வரலாம் என்பதை, பதநீர்க் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து தரையில் அமர்ந்த ஒருவர் எப்படிக் கேட்டிருப்பார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆமோஸின் நூலில் நீதி வற்றாத ஆற்றைப் போல் ஓட வேண்டும் என்னும் உவமை வருகிறது. பாலஸ்தீனத்தின் ஓடைகளில் பெரும்பாலானவை மழைக்காலம் கழிந்ததும் காய்ந்துவிடுபவை. எனவே ஆண்டு முழுவதும் ஓடும் ஓடை அங்கே அரிய பொருள். 1871இல் ஆங்கிலத் திருச்சபை திருத்தி வெளியிட்ட அட்டவணை ஆமோஸைத் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் நீண்ட காலத்தின் கடைசி ஞாயிறுகளில் வைத்தது. நெல்லைச் சீமையில் அவை ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி கரைபுரளும் வாரங்கள். பாளையங்கால்வாயின் பாசனத்தில் வாழ்ந்தவருக்கு வற்றாத ஆறு அன்றாடக் காட்சி. அதே சீமையின் தேரி ஊர்களாகிய நாசரேத்திலும் மெய்ஞ்ஞானபுரத்திலும் செம்மணலில் கிணற்றையும் மழையையும் நம்பியவருக்கோ அது அண்டை நிலத்தாருக்குக் கிடைத்துத் தமக்குக் கிடைக்காத ஒன்று. உவமையின் முழு எடையை அறிந்தவர்கள் ஆற்றங்கரையிலிருந்து விலகி வாழ்ந்தவர்களே என்று கொள்ளத் தோன்றுகிறது.

அதே 1871ஆம் ஆண்டு அட்டவணையில், லெந்து காலத்தின் தொடக்கமாகிய சாம்பல் புதன் காலைக்கு ஏசாயா 58ஆம் அதிகாரமும் மாலைக்கு யோனா மூன்றாம் அதிகாரமும் குறிக்கப்பட்டன. யூதர்களின் பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூரில் காலை ஹஃப்தாராவும் ஏசாயாவின் அதே பகுதி, பிற்பகல் ஹஃப்தாரா யோனாவின் நூல். உபவாசத்துக்கென ஒதுக்கிய நாளிலேயே உபவாசத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை வாசிக்கும் துணிவு இரு மரபுகளுக்கும் பொதுவாக இருக்கிறது: உடலை ஒடுக்கிச் சாம்பலில் அமர்வதை ஏசாயா உபவாசமாக ஏற்பதில்லை, கட்டுண்டவரை விடுவித்துப் பசித்தவரோடு உணவைப் பகிர்வதையே அவ்வாறு ஏற்கிறார். அட்டவணை வெளியான சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. பாளையங்கோட்டையின் மிஷனரி சார்ஜெண்டும் கால்டுவெல்லும் 1877இல் ஆயர்களாக அபிஷேகம் பெற்றது அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான். கஞ்சித்தொட்டியும் நிவாரணமும் மிஷனரிப் பணியின் பகுதியாயின, பஞ்சத்தின்போதும் அதைத் தொடர்ந்தும் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். பசி மக்கள் விரும்பி மேற்கொள்ளாத உபவாசமாய் இருந்த நாட்களில், ஏசாயாவின் கேள்வி களஞ்சியம் வைத்திருந்தவர்களை நோக்கித் திரும்புவது இயல்பு.

தீர்க்கதரிசிகளின் மக்கள் எவ்வழி நடந்தார்களோ அவ்வழியே நடக்க முனைந்த ஓர் இயக்கமும் இவ்வட்டாரத்தில் தோன்றியது. நாசரேத்தில் உபதேசியாராகப் பணிசெய்து மிஷனரியோடு முரண்பட்டு விலக்கப்பட்ட சட்டாம்பிள்ளை, 1849இல் கால்டுவெல் பனையேறும் சமூகமாகிய சாணார்களைப் பற்றி எழுதிய நூலின் இழிவுபடுத்தும் கூற்றுகளைக் கடுமையாக எதிர்த்து, 1857இல் வெள்ளையர் ஆளுகைக்கு உட்படாத சபையொன்றை நிறுவினார். இந்துக் கிறிஸ்தவ சபை என்றும் நாட்டுச்சபை என்றும் அறியப்பட்ட அது, ஞாயிறை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கியது, பழைய ஏற்பாட்டின் பண்டிகைகளையும் தூபத்தையும் ஏற்று, தரையில் விழுந்து வணங்கும் நாட்டு முறையை வழிபாட்டில் நிலைநிறுத்தியது. மிஷனரிகள் இதை விபரீதம் என்றனர். ஐரோப்பியப் பழக்கம் எது, வேதம் எது என்பதைப் பிரித்தறிய எபிரேய மரபையே அளவுகோலாக எடுத்த அவரது வாசிப்பு, அந்த நூற்றாண்டில் தென்தமிழ்நாட்டில் நிகழ்ந்த மிகத் துணிவான வாசிப்புகளுள் ஒன்று. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற உழைத்து, 1912இல் தோர்ணக்கல் ஆயரான அசரியா, வேறு வழியில் அதே கேள்வியைத் தொடர்ந்தார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர் மேலைநாட்டவரிடம் வேண்டியது பணத்தையும் தியாகத்தையும் தாண்டிய நட்பை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின் பாட அட்டவணைகள் புதிதாக வகுக்கப்பட்டு, ஞாயிறுதோறும் ஒரு பொருள் குறிக்கப்பட்டது. தலித் விடுதலை ஞாயிறு, சுற்றுச்சூழல் ஞாயிறு போன்றவை இன்று தீர்க்கதரிசிகளை நேரடியாக நிகழ்காலத்தின் முன் கொணர்ந்து நிறுத்துகின்றன. ஆனால் இதே காலத்தில் இன்னொரு வழக்கம் வலுப்பெற்றிருக்கிறது: ஆண்டிறுதி இரவு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பமும் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை. அதில் அச்சிடப்படும் வசனங்கள் பெரும்பாலும் ஏசாயாவிலும் எரேமியாவிலும் உள்ள ஆறுதல் மொழிகள். துயரப்படும் வீட்டுக்கு அந்த அட்டை தரும் தெம்பை எளிதாக எண்ணலாகாது. ஆனால் ஹஃப்தாரா மரபு ஆறுதலை அடைய வைத்திருக்கும் பாதை வேறு. எருசலேம் அழிந்ததை நினைத்துத் துக்கங்கொள்ளும் ஆப் மாதத்தின் ஒன்பதாம் நாளுக்கு முன் மூன்று வாரங்கள் கண்டனப் பகுதிகள் வாசிக்கப்படும்: எரேமியாவிலிருந்து இரண்டு, பின் ஏசாயாவின் முதல் அதிகாரம். அதன் பின்னரே ஏழு வாரங்கள் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள் வரும். கண்டனத்துக்குக் குறைவான வாரங்களும் ஆறுதலுக்கு மிகுதியான வாரங்களும் ஒதுக்கப்பட்டிருப்பினும், கண்டனத்தைத் தாண்டாமல் ஆறுதலுக்கு வழியில்லை.

அட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் வசனம், இறைவன் நன்மையான முடிவையே நினைத்திருக்கிறார் என்னும் எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தினது. முழு அதிகாரத்தையும் வாசித்தால் அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் என்பது தெரியும். சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்கள் விரைவில் திரும்பிவிடுவார்கள் என்று கூறிய வேறு தீர்க்கதரிசிகளை அது பொய்யர் என்று தள்ளுகிறது. வீடு கட்டுங்கள், தோட்டமிட்டுக் கனியுண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், சிறையாக்கிய நகரத்தின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. திரும்பும் காலம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் என்று குறிக்கப்பட்டிருப்பதால், கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் எவரும் அந்த நன்மையான முடிவைத் தம் கண்ணால் காணப் போவதில்லை.