படுக்கைக்குப் பின்னால் ஒளித்த படம்

காரமடைத் தேருக்கு வந்த போட்டோக்காரர் ஒருவர் எங்கள் அப்பத்தாவைப் படம் எடுத்தார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர் அப்பத்தா. அப்பா வற்புறுத்தியதால் நின்றார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகமது தர்வேஷ் கான் என் நினைவுக்கு வருவார். நம் கோயம்புத்தூர்ச் சீமை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்த காலம். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு, 1787-ல் புதுச்சேரியில் கப்பலேறிய மூன்று தூதர்களில் அவரும் ஒருவர். 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். கேட்ட படை கிடைக்கவில்லை; பிரான்சின் கஜானாவே காலி. பாரிஸ் ஜனங்களுக்கோ இவர்கள் நல்ல வேடிக்கை.

அரசி மரி அந்துவானெத்தை வரைந்த எலிசபெத் விஜே லெ ப்ருன் என்ற பெண் ஓவியர் இவர்களை வரைய ஆசைப்பட்டார். தூதர்கள் இணங்கவில்லை. மன்னரே கேட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். ஏழடிக்கு மேல் உயரமான அந்தப் படத்தில் தர்வேஷ் கான் பூ வேலை செய்த வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக, கையில் வளைந்த வாளோடு நிற்கிறார். பார்வை நம்மீது இல்லை, வேறெங்கோ. பெருமிதமா, எரிச்சலா, தர்மசங்கடமா? என்னால் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். காய வைத்திருந்த படத்தைத் தர்வேஷ் கான் தம் படுக்கைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். அதற்கு ஓர் உயிர் வேண்டும் என்று சொல்லித் தர மறுத்தாராம். ஓவியர் தந்திரம் செய்துதான் படத்தைக் கடத்திக்கொண்டார். விஷயம் தெரிந்த தூதர் தம் வேலைக்காரனைக் கொல்லப் போக, பாரிஸில் அது வழக்கமில்லை என்று மொழிபெயர்ப்பாளர் தடுத்தாராம்.

உருவம் வரைந்தவனை மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்வார்கள் என்பது இஸ்லாமிய மரபு. தூதர் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். ஓவியருக்கோ அது சிரிப்புக் கதை. 1835-ல், எண்பது வயதில் வெளியிடத் தொடங்கிய நினைவுக்குறிப்புகளில் அப்படித்தான் எழுதினார். பிரெஞ்சில் படித்தவன் என்றாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளித்தது அழிக்கவா, பிறர் பார்க்காமல் காக்கவா? எழுதி வைத்தது ஓவியர் மட்டுமே.

1789-ல் பாரிஸ் கண்காட்சியில் படத்தை வைத்தார்கள். 2019-ல் நியூயார்க்கில் சுமார் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

அப்பத்தாவின் போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.