சாயமேறாத உயிரணுவும் வத்திராயிருப்புக்காரரும்

தேனியிலிருந்து தெற்கே கடமலைக்குண்டைக் கடந்து சென்றால் வருசநாடு, அதற்கப்பால் மலை. உப்புத்துறை வழியே சதுரகிரிக்கு ஏறிய பக்தர்கள், அம்மலையின் மறுசரிவில் இறங்கினால் தாணிப்பாறை என்பதையும், அதையடுத்த சமவெளியில் வத்திராயிருப்பு இருப்பதையும் அறிவார்கள். அவ்வூரில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளன்று நம் பள்ளிகளில் ராமனின் பெயர் ஒலிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரரை நாம் நினைப்பது அரிது.

1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று சி.வி. ராமன் கண்டார். கல்கத்தாவில் அவருடைய மாணவர்கள் திரவங்களை ஆராயத் தொடங்கினர். 1923இல் கே.ஆர். ராமநாதன் நீரில் ஒரு மங்கலான மாற்றொளியைக் கண்டார். கலந்திருந்த அழுக்கின் ஒளிர்வு என்று அது கருதப்பட்டது. எனினும் எத்தனை முறை தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. 1928 தொடக்கத்தில் கிருஷ்ணன் அச்சோதனையைக் கையிலெடுத்தார். சூரிய ஒளியை ஒரு நிறவடிகட்டியால் தடுத்து, சிதறி வருவதை வேறொரு வடிகட்டி வழியே பார்த்தார். திரவம் திரவமாகச் சோதித்தார். அந்த மாதத்து உழைப்பு அவருடைய நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. மார்ச் 31 அன்று 'நேச்சர்' இதழில் வெளிவந்த அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உள்ளன. 1930இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

அவர்கள் கண்டதுதான் என்ன? மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்பவை. மோதும் ஒளியில் மிகச் சிறு பகுதி, ஏறத்தாழ கோடியில் ஒரு ஃபோட்டான், அந்த அதிர்வுடன் ஆற்றலைப் பரிமாறி நிறம் மாறித் திரும்புகிறது. கொழுப்புக்கு ஒரு மாற்றம், புரதத்துக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் கைரேகை போல ஒரு நிறமாலை.

இதன் அருமையை உணர, உயிரணுவை அதுவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அறிய வேண்டும். சக்கம்பட்டியில் நூலுக்குச் சாயமேற்றுவது போலத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணிக்கென்று பிறந்த செயற்கைச் சாயங்களையே ஆய்வாளர்கள் உயிரணுக்களிலும் ஏற்றினர். பெரும்பாலும் அதற்குமுன் உயிரணுவைக் கொன்று பதப்படுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் உயிருள்ளவற்றிலேயே ஒளிரும் அடையாளங்களைப் பொருத்தக் கற்றார்கள். ஆயினும் கொழுப்பு அமிலம் போன்ற சிறிய மூலக்கூற்றின் மீது அதைவிடப் பெரிய அடையாளத்தைக் கட்டினால், அதன் நடையே மாறிவிடக்கூடும்.

ராமன் ஒளிக்கு அடையாளம் தேவையில்லை. ஆனால் அது மிக மங்கலானது. 1960இல் லேசர் வந்த பிறகே வழி திறந்தது. 1970களில் பிரான்ஸில் ராமன் நுண்ணோக்கி உருவாயிற்று. 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உயிருள்ள ஒற்றை உயிரணுவின் ராமன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். ஒரு படத்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிய நிலையை, இரண்டு லேசர்களால் மூலக்கூறின் அதிர்வைத் தூண்டும் முறை மாற்றியது. ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு 2008இல் அம்முறையால் உயிரணுக்களைப் படமெடுத்தது. 2010இல் காணொளி வேகத்தை எட்டியது. கொழுப்புத் துளிகள் உயிரணுவுக்குள் நகர்வதைச் சாயமின்றியே பார்க்க முடிகிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உயிரணுவில் பெரும்பகுதி நீர். அகச்சிவப்பு ஒளியை நீர் பெருமளவில் விழுங்கிவிடுகிறது. ராமன் சிதறலிலோ அதன் குரல் தாழ்ந்தே ஒலிக்கிறது. அதனால்தான் நீரில் மிதக்கும் மற்றவற்றின் குரலை நாம் கேட்க முடிகிறது. கடல்நீரைப் பற்றிய கேள்வியில் தொடங்கிய கதைக்கு நீரே வழிவிட்டு நிற்கிறது.

கிருஷ்ணன் பின்னர் படிகங்களின் காந்தப்பண்பை ஆராய்ந்தார். 1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றி, 1961இல் மறைந்தார். ராமனின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. கேள்வி அவருடையது, ஏழாண்டுகள் அதை விடாமல் பிடித்திருந்தவரும் அவரே. ஆனால் ஒட்டப்பட்ட அடையாளம் சில சமயம் பொருளையே மறைத்துவிடும் என்பதை உயிரணு ஆய்வு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. 'ராமன் விளைவு' என்ற பெயரும் அத்தகைய ஓர் அடையாளம்தான். அதை விலக்கிப் பார்த்தால், பக்கத்தில் வத்திராயிருப்புக்காரர் ஒருவர் நிற்கிறார். வருசநாட்டு மலையை இனிப் பார்க்கும்போது அவரையும் நினைத்துக்கொள்வோம்.