நோய் தீர்க்கும் கைகள்

நோயாளி நலமடைந்தால் மருத்துவரைப் புகழ்கிறோம், அது முறையே. ஆயினும் மருந்து கொணர்ந்தவர் யார், நீர் சுமந்தவர் யார், அவர்களுக்குக் கூலி அளந்தவர் யார் என்று நாம் வினவுவதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளோ இவ்வினாவுக்கு விடை பொறித்து வைத்திருக்கின்றன.

தஞ்சையில் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தை சுந்தர சோழரின் பெயரால் ஆதுலசாலை அமைத்து, அதன் மருத்துவருக்கு நிலம் வழங்கினார். பின்னர் வீரராசேந்திரர் ஆட்சியில் (1063–1070) பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் நடந்த ஆதுலசாலையின் அமைப்பை அவ்வூர்க் கல்வெட்டு விரித்துரைக்கிறது. படுக்கைகள் 15. மருந்தளிக்க ஒரு மருத்துவர், அறுவைக்கு ஒருவர், மூலிகையும் விறகும் கொணர இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர ஒருவர். மருத்துவருக்கு ஆண்டுக்கு நெல் 90 கலமும் காசு 8உம் என்றால், ஏனையோர்க்கும் அவரவர் பங்கு அளந்து வைக்கப்பட்டது. இரவு விளக்கின் எண்ணெய்கூட மறக்கப்படவில்லை!

அதே நூற்றாண்டில் பிறந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக வகுத்தார்கள். சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவருமே நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளே. முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்களிலும் மாணவர்கள் மருத்துவத்தை நாடாமல் ஃபிக்ஹு விவாதங்களிலேயே முண்டியடிப்பதைக் கண்டு அவர்கள் வருந்தினார்கள். அக்கண்டனம் எம்போன்ற ஆசிரியர்களையும் சாரும்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையில் காய்ச்சலுக்கும் கண்ணோய்க்கும் அறுவைக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. அனைத்தையும் தாங்கி நின்றது வக்ஃபு வருவாய்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் (1798–1832) இவ்வுண்மையை உணர்ந்திருந்தார். நோய்க்கும் வீக்கத்துக்கும் பாம்பின் நஞ்சுக்கும் மருந்தளிக்கும் மருத்துவர்கள் சத்திரங்களில் இருப்பதை 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதினார். தன்வந்திரி மகாலில் மருந்தாய்வு நடந்தது. கண்ணோயாளர் குறிப்புகள், கண்ணின் வரைபடங்களோடு சரஸ்வதி மகாலில் இன்றும் உள்ளன. பின்னாளில் எழுந்த ராஜா மிராசுதார் மருத்துவமனையோ, அரசரும் நிலமுடையோரும் கைகோத்ததைத் தன் பெயரிலேயே சொல்கிறது.

இன்று வயல் வரப்பில் ஓர் உழவரை அரவம் தீண்டினால், 2008 முதல் ஓடும் 108 ஊர்தி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையமும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. இவை அரசின் பங்கு. ஆனால் மருத்துவமனை வாயிலில் இரவெல்லாம் துணையிருப்பவர் யார்? குருதி தருபவர் யார்? கூலி இழந்த வீட்டில் உலை ஏற்றுபவர் யார்? விறகு கொணர்ந்த அந்த இருவரின் இடம் இங்கேதான் காலியாக உள்ளது.

மினாராவுக்கு மனமுவந்து நிதி திரட்டும் நம் ஜமாஅத்துகள் அதில் ஒரு பங்கை இவ்விடத்தை நிரப்ப ஒதுக்கட்டும். அழைத்தவர் எச்சமயத்தவர் என்று பாராமல் எழுந்து செல்ல ஊருக்கு இருவர் போதும். அவ்விருவர் இல்லாத ஊரில் பொறுப்பு நம் அனைவர் தலைமீதும் நிற்கிறது.