குடியாட்சியும் குடியரசும்



குடியாட்சி, குடியரசு என்பவற்றை ஒருபொருள் குறித்த இரு சொற்களாகவே மாணவர் பலர் எழுதக் காண்கின்றேன். முன்னது மக்கள் வாக்கினால் நடக்கும் ஆட்சி. பின்னது முடிமன்னர் தலைமையில்லாத நாடு. முடியரசாகிய பிரித்தானியாவிலும் குடியாட்சியே நடக்கின்றது.

எமது வரலாறும் இவ்வேறுபாட்டுக்குச் சான்று பகரும். 1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை தந்தது. 1948இல் சுதந்திரம் கிடைத்த பின்னரும் பிரித்தானிய முடியே எமக்குத் தலைமை. 1972 மே 22இலேயே இலங்கை குடியரசாயிற்று.

அன்று முடியோடு வேறொன்றும் நீங்கிற்று. ஓரினத்தார்க்கோ மதத்தார்க்கோ மட்டும் தடை விதிக்கும் சட்டங்களை விலக்கிய, சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. பெரும்பான்மையோருக்கு வாக்கே காவல். சிறுபான்மையோருக்கோ யாப்பில் எழுதிய காப்பும் வேண்டும். அவ்வாண்டு தரும் பாடம் இதுவேயாம்.