ஓடிய படங்களும் ஒளிந்த சொற்களும்

தடித்த நூல் ஒன்றில் நமக்கு வேண்டிய செய்தியை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஒவ்வொரு பக்கமாகவா புரட்டுகிறோம்? இல்லை. நூலின் இறுதியில் அகரவரிசையில் தந்துள்ள சொல்லடைவைப் பார்க்கிறோம். சொல்லுக்கு எதிரே பக்க எண் இருக்கிறது. நேராக அங்கே சென்றுவிடுகிறோம். உலகெங்கும் பரவிக் கிடக்கும் இணையப் பக்கங்களுக்கும் இத்தகைய சொல்லடைவு உண்டு. அதைத் தொகுத்து வைத்திருப்பதே தேடுபொறி.

சொல்லடைவில் ஏறாத செய்தி எவ்வளவு சிறந்ததாயினும் தேடுகிறவர் கைக்கு எட்டாது. கண்ணைக் கவர்வதற்காகவே செய்யப்பட்ட ஏராளமான இணையப் பக்கங்கள் ஒரு காலத்தில் இந்தக் கதிக்கு ஆளாயின. அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

புள்ளியும் கோடும்

1990களின் நடுவில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது. வினாடிக்கு 28,800 பிட் என்பது அன்று நல்ல வேகம். 100 கிலோபைட் அளவுள்ள ஒரே ஒரு படம் வந்து சேர ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். இந்த நிலையில் அசையும் படங்களை அனுப்புவது எங்ஙனம்?

அமெரிக்காவைச் சேர்ந்த ஜோனதன் கே இதற்கு ஒரு வழி கண்டார். 1993இல் அவர் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பேனாவால் இயக்கும் கணிப்பொறிகளுக்காக ஒரு வரைபட மென்பொருளை உருவாக்கினார். அந்தக் கணிப்பொறிகள் சந்தையில் நிலைக்கவில்லை. எனவே மென்பொருளை இணைய அசைபடங்களுக்கு ஏற்றதாக மாற்றி 1996இல் வெளியிட்டார்.

இதன் நுட்பம் எளியது. பக்கத்துக்கு 200 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தில் வட்டம் ஒன்றைப் புள்ளி புள்ளியாக அனுப்பினால் 40,000 புள்ளிகளின் விவரம் வேண்டும். ஆனால் வட்டத்தின் மையம், ஆரம், நிறம் ஆகிய மூன்றை மட்டும் அனுப்பிவிட்டு, வரையும் வேலையைப் பெறுகிறவரின் கணிப்பொறியிடமே விட்டால்? சில எண்களே போதும் அல்லவா! கோடுகளின் கணக்கை அனுப்பும் இம்முறையால் அசைபடங்கள் மிகச் சிறிய கோப்பில் அடங்கின.

அந்த நிறுவனத்தை மாக்ரோமீடியா விலைக்கு வாங்கியது. மென்பொருளுக்கு ‘ஃப்ளாஷ்’ என்று பெயரிட்டது. சில ஆண்டுகளில் இணையமே ஆடத் தொடங்கிவிட்டது. முகப்பைத் திறந்தால் எழுத்துகள் பறந்து வரும், இசை முழங்கும், அறிமுகப் படம் ஓடி முடியும்வரை பார்ப்பவர் காத்திருக்க வேண்டும்!

பூட்டிய பெட்டி

சாதாரண இணையப் பக்கம் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுகிறது. ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’, ‘இது இன்னொரு பக்கத்துக்கு வழி’ என்று ஒவ்வொன்றுக்கும் அதில் அடையாளம் உண்டு. தேடுபொறியின் மென்பொருள் இக்குறிகளைப் படித்து, சொற்களைச் சேகரித்து, வழிகளைப் பின்பற்றி அடுத்த பக்கத்துக்குச் செல்கிறது.

ஃப்ளாஷில் செய்த தளமோ பூட்டிய பெட்டி போன்றது. ‘இங்கே ஒரு படக்கோப்பு ஓடுகிறது’ என்ற ஒரு வரியே தேடுபொறிக்குத் தெரியும். உள்ளே இருந்த எழுத்துகள் பல வேளைகளில் எழுத்துகளாகவே இல்லை. வெறும் வளைகோடுகளாக மாற்றப்பட்டிருந்தன. மேலும், தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கியதால் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. பக்க எண்ணே இல்லாத நூலுக்குச் சொல்லடைவு தயாரிப்பது எப்படி?

கண்ணில்லாத வாசகர்கள்

தேடுபொறிக்குக் கண் இல்லை. அதனால் விளைந்தது வாணிப நட்டம் மட்டுமே. ஆனால் பார்வையற்ற மனிதர்களும் அதே கதவின் முன் நின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பார்வையற்றோர் ‘திரை வாசிப்பான்’ என்ற மென்பொருளின் துணையால் கணிப்பொறியைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள சொற்களை அது குரலாக மாற்றிச் சொல்லும். தேடுபொறிக்குப் புலப்படாத சொல் இதற்கும் புலப்படுவதில்லை. ஃப்ளாஷ் பக்கம் வந்ததும் குரல் நின்றுவிடும். அல்லது பெயரில்லாத பொத்தான்களை ‘பொத்தான், பொத்தான்’ என்று அடுக்கிக்கொண்டே போகும். மாணவருக்குப் பாடமோ, பயணிக்குக் கால அட்டவணையோ அந்தப் பெட்டிக்குள் இருந்தால் அவர் பிறர் உதவியை நாட வேண்டியதுதான்.

2000ஆம் ஆண்டில் ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர், ஃப்ளாஷ் 99 சதவீதம் தீது என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். 2002இல் வந்த ஃப்ளாஷ் 6ஆம் பதிப்பு, திரை வாசிப்பானுடன் பேசும் வசதியைப் பெற்றது. அது விண்டோஸ் கணிப்பொறிகளில் மட்டுமே இயங்கியது. தளத்தைச் செய்பவர் ஒவ்வொரு படத்துக்கும் பொத்தானுக்கும் விளக்கம் எழுதினால்தான் பயன் தந்தது. பலர் எழுதவில்லை.

2005இல் அடோபி நிறுவனம் மாக்ரோமீடியாவை வாங்கியது. 2008இல் அது கொடுத்த தொழில்நுட்பத்தைக் கொண்டு கூகுள், ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டி, பொத்தான்களை அழுத்தி, உள்ளிருந்த சொற்களைத் திரட்டத் தொடங்கியது. எனினும் ஒரே முகவரி என்ற இடர் அப்படியே இருந்தது. படமாகிவிட்ட எழுத்தும் படமாகவே இருந்தது.

தொலைபேசி எழுதிய முடிவு

2007இல் வந்த ஐஃபோன் ஃப்ளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த கடிதம், மின்கலம் விரைவில் தீர்வது, பாதுகாப்புக் குறைபாடு, தொடுதிரைக்குப் பொருந்தாமை முதலிய காரணங்களை அடுக்கியது. 2011இல் கைபேசிகளுக்கான ஃப்ளாஷை அடோபி கைவிட்டது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஃப்ளாஷுக்கான ஆதரவு முழுமையாக நின்றது. பார்வையற்றோர் ஆண்டுக்கணக்காகக் கூறிய குறை சாதிக்காததை, பார்வையுள்ளோரின் கைபேசி சாதித்தது!

இழப்பும் இல்லாமல் இல்லை. பல்லாயிரம் விளையாட்டுகளும் கலைப்படைப்புகளும் இயங்காமல் போயின. அவற்றில் ஒரு பகுதியை, ‘ரஃபில்’ என்ற மென்பொருளின் துணையால் இணைய ஆவணக் காப்பகம் 2020 முதல் மீண்டும் ஓடச் செய்துவருகிறது.

அசைவு குற்றமா?

அசைவு குற்றமன்று. அளவும் முறையும் வேண்டும், அவ்வளவே. 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘போக்கிமான்’ படத் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி ஒளிர்ந்ததால் பல நூறு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிட வேண்டாம் என்று 2008இல் வெளியான இணைய அணுகல் நெறிகள் கூறுகின்றன. அசைவைக் கண்டால் தலைசுற்றும் அன்பர்களும் உண்டு. ‘அசைவைக் குறைத்திடுக’ என்று அவர்கள் தம் கருவியில் குறித்துவைத்தால், அதை அறிந்து அடங்கி நிற்கும் வசதியை 2017 முதல் இணைய உலாவிகள் தரத் தொடங்கின.

இன்று அசைபடங்கள் வேறு மென்மொழிகளில் எழுதப்படுகின்றன. பழைய பிழையை அவற்றிலும் செய்ய இயலும். ஆகவே, இணையப் பக்கம் அமைக்க விரும்பும் மாணவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். படங்களையும் அசைவுகளையும் நீக்கிவிட்டால் சொல்ல வந்த செய்தி எஞ்சுகிறதா? விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் போக முடிகிறதா? ஆம் எனில், தேடுபொறியும் அதைக் கண்டுகொள்ளும். கண்ணில்லாத வாசகரும் படித்துக்கொள்வார். அதற்குப் பிறகு படங்கள் தாராளமாக ஆடட்டும்!