ஒரு ஷில்லிங்கில் லண்டன்

இன்று லண்டனுக்குச் சுற்றுலா போவது பெரிய விஷயமில்லை. விசாவும் காசும் இருந்தால் போதும். ஆனால் 1850 வரை, இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு நெசவாலைத் தொழிலாளிக்குக்கூட லண்டன் எட்டாத ஊர்தான். சொந்த நாட்டின் தலைநகரைப் பார்க்காமலேயே செத்துப் போனவர்கள்தான் அதிகம். அந்த நிலையை மாற்றிய வருடம் 1851.

அந்த வருடம் மே 1-ம் தேதி, லண்டன் ஹைட் பார்க்கில் 'மாபெரும் கண்காட்சி' தொடங்கியது. விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டும், ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரியும் இதற்கு முன்னின்றவர்கள். கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பிரம்மாண்டமான கட்டடம் எழும்பியது. அதுதான் கிரிஸ்டல் பேலஸ். இதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் முறையாகப் படித்த கட்டடக் கலைஞர் அல்ல, ஒரு தோட்டக்காரர்! பிரபுவின் தோட்டத்தில் செடிகளுக்காகக் கண்ணாடி வீடு கட்டிய அனுபவம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

ஆனால் லண்டன் பணக்காரர்களுக்கு ஒரு பயம் இருந்தது. ஏழைகள் கூட்டம் கூட்டமாக ஊருக்குள் வந்தால் என்ன ஆகும்? இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சிகள் வெடித்திருந்தன. அதே வருடம் ஏப்ரல் 10-ம் தேதி லண்டன் கென்னிங்டன் திடலில், ஓட்டுரிமை கேட்டு சார்ட்டிஸ்ட் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். மூன்றே வருடத்தில் அதே மக்களை விருந்தாளிகளாகக் கூப்பிடுவதா? சிப்தார்ப் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கண்காட்சியையே கடுமையாக எதிர்த்தார். பாதுகாப்புக்குக் கூடுதல் போலீஸும் ராணுவமும் தயாராக வைக்கப்பட்டன.

நுழைவுக் கட்டணமும் இந்தப் பயத்தைக் காட்டியது. தொடக்க நாளை அடுத்த இரண்டு நாட்களுக்கு ஒரு பவுண்டு. பிறகு ஐந்து ஷில்லிங். மே 26-ம் தேதி முதல்தான் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஷில்லிங் என்று குறைத்தார்கள். வெள்ளியும் சனியும் கட்டணம் அதிகம். அதாவது, ஏழைகளும் பணக்காரர்களும் ஒரே நாளில் வரவேண்டாம் என்ற ஏற்பாடு.

சரி, ஊர்களிலிருந்து மக்கள் எப்படி வந்தார்கள்? இங்கேதான் தாமஸ் குக் வருகிறார். மரவேலை செய்து பிழைத்த குக், மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5-ம் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலில் கூட்டிப் போனவர். 1851-ல் அவர் லண்டனுக்குச் சுற்றுலா ரயில்கள் ஏற்பாடு செய்தார். இரண்டு ரயில் கம்பெனிகளுக்குள் போட்டி வந்ததும், வடக்கு ஊர்களிலிருந்து லண்டன் போய் வர ஐந்து ஷில்லிங் என்று கட்டணம் சரிந்தது. பல ஊர்களில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து, நம் ஊர் சீட்டுப் பணம் போல வாராவாரம் சில பென்ஸ் கட்டிச் சேர்த்தார்கள். குக் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கூட்டி வந்தார்.

ரயிலுக்குக் காத்திராதவர்களும் உண்டு. எண்பது வயதைத் தாண்டிய மேரி காலினாக் என்ற மூதாட்டி, கார்ன்வாலின் பென்சான்ஸ் ஊரிலிருந்து ஏறக்குறைய 300 மைல் நடந்தே லண்டன் வந்து சேர்ந்தார். ராணியையும் பார்த்தார்!

வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? நீராவி இயந்திரங்கள், பட்டுத் துணிகள், கடிகாரங்கள். கூடவே கோஹினூர் வைரம். 1849-ல் பஞ்சாபைப் பிடித்தபோது, சிறுவனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் பிரிட்டன் பறித்துக்கொண்டது அது. பார்த்த பலருக்கும் ஏமாற்றம்தான், எதிர்பார்த்தபடி அது ஜொலிக்கவில்லை. இந்தியப் பகுதியில் அம்பாரி வைக்க யானை தேவைப்பட்டது. எசெக்ஸில் இருந்த ஒரு சிறிய அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த யானையை இரவல் வாங்கி நிறுத்தினார்கள். அந்தத் தொழிலாளிகள் கண்ட 'இந்தியா' இவ்வளவுதான்.

பயந்த கலவரம் வந்ததா? வரவே இல்லை. மதுபானம் விற்கப்படவில்லை. மக்கள் லட்சக்கணக்கில் பன் தின்றார்கள், சோடா குடித்தார்கள், ஒழுங்காக வீடு திரும்பினார்கள். ஐந்தரை மாதத்தில் பதிவான வருகைகள் 60 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் 44 லட்சம் அந்த ஒரு ஷில்லிங் நாட்களில் வந்தவை. யாரைக் கண்டு பயந்தார்களோ, அவர்கள்தான் கண்காட்சியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

செலவு போக மிஞ்சிய லாபம் சுமார் 1,86,000 பவுண்டு. அதைக் கொண்டு சவுத் கென்சிங்டனில் நிலம் வாங்கினார்கள். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் மூன்றும் நிற்பது அந்த இடத்தில்தான். கிரிஸ்டல் பேலஸைப் பிரித்து சிடன்ஹாமில் மறுபடி கட்டினார்கள். 1936 நவம்பர் 30 இரவு அது எரிந்து சாம்பலானது.

கண்ணாடி மாளிகை போய்விட்டது. ஆனால் தலைநகரைப் பார்க்கும் உரிமை பணக்காரனுக்கு மட்டும் சொந்தமல்ல என்று அந்தக் கூட்டம் காட்டியதே, அது போகவில்லை. லண்டன் போகிறவர்கள் கென்சிங்டன் அருங்காட்சியகங்களின் வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அவை நிற்கும் மண்ணில், வாராவாரம் பென்ஸ் சேர்த்து வந்த யாரோ ஒரு தொழிலாளியின் ஷில்லிங்கும் இருக்கிறது.