ஜரிகை கட்டின தூண்டில்

போன மாசம் பக்கத்து வீட்டு நார்வேக்காரர் தன் காரேஜுக்குக் கூப்பிட்டார். வெளியே வழக்கம்போல பெர்கன் மழை. உள்ளே மேஜை முழுக்க ஈய மீன்கள். தூண்டில் முள்ளை அச்சில் வைத்து ஈயத்தை ஊற்றி வார்க்கிறார். நம் பிள்ளைகள் ஜிக் என்பார்கள், இங்கே பில்க். கடலில் இறக்கி மேலும் கீழும் சுண்டிக்கொண்டே இருந்தால், அடிபட்ட குஞ்சு மீன் என்று நினைத்து காட் மீன் வந்து கடிக்கும்.

மனுஷர் அதுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ் கிடையாது. ஈயத்தைச் சூடாக்கி, பவுடர் பெயிண்டுக்குள் ஒரு முக்கு. சூட்டிலேயே பொடி உருகி ஒட்டிக்கொள்கிறது. அது இளகி இருக்கும்போதே மேலே கிளிட்டரைத் தூவி, திரும்பச் சூடாக்கி நிறமில்லாத பவுடரில் இன்னொரு முக்கு. அப்புறம் அவனில் 175 டிகிரியில் கால் மணி நேரம். (சமையலறை அவன் இல்லைங்க, இதுக்கென்றே தனி அவன். ஈயம் வேகும் இடத்தில் கேக் வேக வைக்க முடியுமா?) கிளிட்டரும் கண்டதைப் போட்டால் சூட்டில் சுருண்டுவிடுமாம். பாலியெஸ்டர் கிளிட்டர்தான் தாங்கும், அது உருக 250 டிகிரியாவது வேண்டும்.

என் உள்ளங்கையில் கொஞ்சம் தூவிக் காட்டினார். சட்டென்று வலியதுறை ஞாபகம் வந்துவிட்டது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் கடல்பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: கப்பல் கரைக்கு வர முடியாத ஊர், அதனால் சரக்கு இறக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டின பாலம் அது. பழைய இரும்புப் பாலம் 1947ல் எஸ்.எஸ். பண்டிட் என்ற கப்பல் மோதி உடைந்தது. நாங்கள் ஓடித் திரிந்தது 1956ல் வந்த பாலம். எண்பதுகளில் அப்பாவோடு சாயங்காலம் அங்கே போவேன். வயசான மீன்காரர் ஒருத்தர் விளிம்பில் உட்கார்ந்து, ஒரே கயிற்றில் பத்துப் பதினைந்து சின்ன முள் கட்டிக்கொண்டிருப்பார். இரை கிடையாது. ஒவ்வொரு முள்ளிலும் ஒரு கொத்து ஜரிகை. கீழே ஒரு கனம். விட்டுச் சுண்டினால் அயிலை நாலும் ஐந்தும் சேர்ந்து மேலே வரும்.

"மக்களே, வீட்டுல கீறின பட்டுசேல உண்டோ?" என்று ஒருநாள் கேட்டார். நான் அம்மாவின் கல்யாணப் புடவை முந்தியில் கை வைத்தேன். வாங்கின அடி தனிக் கதை. :-) அவரோ அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வெள்ளி, உப்புத் தண்ணில கறுத்துப் போவும். நமக்கு பிளாஸ்டிக் மதி."

அந்தப் பிளாஸ்டிக் ஜரிகை என்ன தெரியுமா? பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் ஏற்றி, மெல்லிய இழையாகக் கிழித்தது. அதே மாதிரிப் படலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினால் கிளிட்டர். அதாவது காரேஜில் இருந்ததும் கடல்பாலத்தில் இருந்ததும் ஒரே சரக்கு! மீன் செதிலின் மினுமினுப்புக்கு உள்ளே இருக்கும் குவானின் படிகங்கள் காரணம். 17ம் நூற்றாண்டில் பாரிஸில் ஜாக்கன் என்ற மணி செய்பவர் செதிலிலிருந்து அந்த மினுமினுப்பை எடுத்துத்தான் போலி முத்து பண்ணினார். மீனிடம் வாங்கி நகைக்குப் போட்டார்கள். நம் ஆள் சேலைச் சரக்கை மீனிடம் காட்டினார்.

நார்வேயும் நம் கரையும் ஏற்கெனவே சந்தித்தவைதான். 1952ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூவரும் ஒப்பந்தம் போட்டு, 1953ல் கொல்லம் பக்கம் நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் வேலை தொடங்கினார்கள். இயந்திரப் படகு, ஐஸ், குடிநீர், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது. நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டில் இறாலுக்கு விலை ஏறினதும், அறுபதுகளில் அந்த இயந்திரப் படகுகள் அடிமடி இழுக்கும் டிராலர்களாயின. ஆர்னே மார்ட்டின் க்ளவுசன் என்ற நார்வே மானுடவியலாளர் 1968லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். திருவனந்தபுரத்துப் பொருளாதார ஆய்வாளர் ஜான் குரியன் 1985ல் எழுதினார். (ஈழத்து நண்பர்களுக்கு வேறொரு கதை நினைவு வரும்: 1956ல் இங்கே வந்த அந்தோனி ராஜேந்திரம், பிறகு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சீநோர்.)

எனக்கு உறுத்துவது என்னவென்றால், லோஃபோட்டனில் இன்றைக்கும் காட் மீனைக் கைத்தூண்டிலில் பிடிக்கிறார்கள், 'யுக்சா' என்று பேர். சொந்த ஊரில் மதிப்பாக வைத்திருந்த அந்தத் தொழிலை யாரும் வலியதுறைத் தூண்டில்காரரோடு உட்கார்ந்து பேசினதாக நான் படித்ததில்லை. பேசியிருந்தால் ரெண்டு பேருக்கும் லாபம்.

திருவனந்தபுரத்துக் கரையில் தூண்டில் நிலைத்ததுக்குக் காரணம் கடலடிப் பாறைப் பார்கள். அங்கே இழுவலை போட்டால் கிழியும், தூண்டிலுக்கு அதுதான் மீன் இருக்கும் இடம். மீன் குறைந்தபோது எண்பதுகளில் மீனவர்களே தென்னங்கட்டையும் கல்லும் கிணற்று உறையும் இறக்கிச் செயற்கைப் பார் கட்டினார்கள். 1981ல் டிராலிங்கை எதிர்த்துப் பாதிரியார் தாமஸ் கோச்சேரி திருவனந்தபுரத்தில் உண்ணாவிரதம் இருந்தார். மழைக்காலத் தடை 1988ல்தான் வந்தது.

கிளிட்டரைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியவில்லை. அதுவும் பிளாஸ்டிக் தூள்தானே. 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனைக்குத் தடை போட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மேல்பூச்சுக்குள் மூடிவிட்டால் உதிராது" என்றார். பாறையில் இடித்து ஈயமே தெரிகிற பழைய ஜிக் ஒன்று அதே மேஜையில் கிடந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஜரிகைக் கொத்தும் கடலில் அறுந்து போகத்தான் செய்யும்.

கடல்பாலம் 2021 புயலில் வளைந்தது, 2024ல் ரெண்டாக உடைந்தது.

போன ஞாயிறு மனைவியிடம் (இந்த முறை கேட்டுத்தான்) ஒரு பழைய சேலையின் ஜரிகை வாங்கி, அவருடைய ஜிக் ஒன்றில், பெரியவர் கட்டின மாதிரியே கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் கதவைத் தட்டினார். கையில் ஒரு 'செய்' மீன், வாயில் ஜரிகை ஒட்டிக்கொண்டிருந்தது. "இது எந்தக் கடையில் கிடைக்கும்?" என்றார்.